துப்பாத அரிசி

உள்ளங்கையில் ஒரு பிடி நெல்லைக் கொட்டிக்கொண்டு, சின்னக் கட்டையால் நாலு தேய்ப்பு தேய்த்து, உமியை ஊதித் தள்ளிவிட்டு, ஒரே ஒரு அரிசியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கண்ணை மூடுகிறார் வீரையன். சுற்றிலும் டிராக்டர் உறுமுகிறது, சல்லடை அதிர்கிறது, யாரோ யாரையோ திட்டுகிறார்கள். எதுவும் அவருக்குக் கேட்பதில்லை. பல்லுக்கடியில் எழும் அந்த ஒரு சத்தம்தான் வேண்டும். ‘டக்’கென்று உடைந்தால் நெல் நன்றாகக் காய்ந்திருக்கிறது. சத்தமில்லாமல் நசுங்கினால் ஈரம்.

“பத்தொம்பது இருக்கும்ங்க. இன்னொரு வெயில் காட்டியிருக்கலாம்” என்கிறார், கண்ணைத் திறக்காமலே. பக்கத்தில் ஈரம் பார்க்கும் மிஷின் பதினெட்டு புள்ளி எட்டு என்று காட்டுகிறது. நெல் கொண்டுவந்தவர் மிஷின் பக்கம் திரும்புவதே இல்லை. வீரையன் சொல்லிவிட்டார், போதும். கையில் மிச்சமிருக்கும் அரிசி வாய்க்குள் போகிறது. அடுத்த மூட்டையில் கம்பி குத்திச் சாம்பிள் எடுக்கிறார்கள்.

குடவாசலைத் தாண்டி, சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட அந்த ரைஸ்மில்லில் வீரையனுக்கு இது முப்பத்தோராவது வருடம். பதினெட்டு வருடம் மூட்டை தூக்கினார். ஒருநாள் ஓய்வு நேரத்தில் அவர் நெல்லைக் கடித்து ஈரம் சொன்னதைக் கேட்ட முதலாளி துரைராசு, வேண்டுமென்றே பத்து விதமான நெல்லைக் கொடுத்துப் பார்த்தார். பத்தும் சரியாக இருந்தது. மறுநாளே தலைச்சும்மாட்டை இறக்கி வைத்துவிட்டுச் சாம்பிள் மேஜைக்கு வந்தார் வீரையன். ஐம்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு. யாரிடம் பேசினாலும் தலையைச் சற்று இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணால்தான் பார்ப்பார். இடது கண்ணில் புரை விழுந்து நாளாயிற்று.

நாலு வருடமாக அவர் பால் தொடுவதில்லை. தயிர், மோர், நெய் கிடையாது. மீன், கறி, முட்டையும் கிடையாது. ஒரு ஐப்பசி அடைமழையில் அவர் வீட்டுக் கன்றுக்குட்டி செத்துப்போனது. பால் கறக்க வருகிறவர் அதன் தோலை உரித்து, வைக்கோலைத் திணித்துத் தைத்து, தாய்ப்பசுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பசு அதை நக்கியது. நக்க நக்க மடி சுரந்தது. பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றிருந்த வீரையன், டம்ளரை அப்படியே வேலியோரம் வைத்துவிட்டு உள்ளே போனவர்தான். பாலை விட்ட பிறகு, மாட்டுக்கு ஒரு நியாயம், மீனுக்கு ஒரு நியாயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, மற்றதையும் ஒவ்வொன்றாக விட்டார்.

ஊரில் சும்மா விடுவார்களா? “என்ன வீரையண்ணே, அய்யராயிட்டீங்களா? பூணூல் எங்க?” என்று மில்லில் லோடுமேன் இனியவன் கேட்டான்.

“அய்யரு பால் குடிப்பாருடா. நான் அதுக்கும் மேல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கினதும், குரலைத் தணித்து, “சாமிக்காக இல்லடா. சாதிக்காகவும் இல்ல. அந்தக் கன்னுக்குட்டிக்காக” என்றார். அதற்குப் பிறகு இனியவன் அந்தக் கேலியைச் செய்ததில்லை.

சர்க்கரை வந்து ஆறு வருடம். குடவாசலில் அவர் பார்க்கும் டாக்டரம்மா இந்த வைராக்கியத்தைத் தடுக்கவில்லை. “விடறதுன்னா விடுங்க. பருப்பு, பயறு குறையக் கூடாது. பி-ட்வெல்வ் மாத்திரை ஒருநாள்கூட விடக் கூடாது. உங்க சாப்பாட்டுல அது கிடைக்காது. விட்டா கால் மரத்துப்போகும்” என்றார். வீரையன் அந்தச் சொல்லைத் தாண்டியதில்லை. காலையில் முளைகட்டின பச்சைப்பயறோ கொள்ளுச் சுண்டலோ. மதியம் அளந்து ஒரு கரண்டி சோறு. தட்டின் பாதியை முருங்கைக்கீரையும் வாழைத்தண்டும் அடைத்துக்கொள்ளும். ராத்திரி உளுந்தும் கேழ்வரகும் அரைத்த ரெண்டு தோசை. மோருக்கு மட்டும் நாக்கு ஏங்கியது. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, காய்ச்சி ஆறவைத்து, அதில் பச்சைமிளகாய்க் காம்பு நாலைப் போட்டு மூடிவைப்பார். மறுநாள் உறைந்திருக்கும். உப்பும் கறிவேப்பிலையும் போட்டுக் கரைத்துக் குடிப்பார்.

“மோராம் மோரு. கடலை மிட்டாயக் கரைச்ச மாதிரி இருக்கு” என்பார் மனைவி அம்சம். சித்திரை வெயிலில் அவர் இல்லாதபோது அதே மோரை ஒரு சொம்பு குடித்துவிட்டு, பூனை குடித்துவிட்டதாகச் சொல்வதும் அம்சம்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் மூட்டை நிறுக்கும் எடைமேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பார். எழுபத்தொன்றில் இருந்தவர் இறங்கி இறங்கி ஐம்பத்தெட்டில் நிற்கிறார். “அண்ணே, மூட்டைக்கு ரெண்டு கிலோ குறையுது. பிரிச்சுக் கட்டணும்” என்று இனியவன் கத்துவான். இந்த ஊரில் மூட்டை என்றால் அறுபது கிலோ. டாக்டரம்மாவுக்கு அது வேடிக்கையாக இல்லை. “இதுக்குக் கீழ இறங்கக் கூடாதுங்கய்யா. இப்ப இருக்கறது சரியான எடை. இனிமே இறங்குனா அது நோய்” என்றார்.

இத்தனையும் சரியாகச் செய்கிற மனிதருக்குச் சர்க்கரை இறங்கவில்லை. அதுதான் விஷயம்.

தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் காலையில் விரல் நுனியைக் குத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை இருநூற்றுப் பத்து. அடுத்த தடவை இருநூற்று நாற்பது. வெறும் வயிற்றில் நூற்றைம்பதுக்குள் வந்தால்தான் கத்தி வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். புரைக்குப் பின்னால் கண்ணின் உள்திரையில் ரத்தம் கசிகிறதோ என்று அவர்களுக்குச் சந்தேகம். புரையை எடுத்தால்தான் அதைப் பார்க்க முடியும், பார்த்தால்தான் வைத்தியம். தள்ளிப்போடப் போட, அந்தக் கண் திரும்பி வராமலே போகலாம்.

டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். “உண்மையச் சொல்லுங்கய்யா. வெளியில என்ன சாப்பிடுறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க மேடம்.”

“டீக்கடை?”

“பால் குடிக்க மாட்டேங்க.”

“சீனி போட்டு வரக்காப்பி? பஜ்ஜி, போண்டா?”

“இல்லீங்க.”

“பின்ன சர்க்கரை வானத்துலேருந்தா குதிக்குது?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்சம் வீரையனின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். முப்பது வருடத்தில் ஒரு பொய் சொல்லாத மனிதர். அப்படித்தான் நினைத்திருந்தார் அம்சம். அந்த நினைப்பில் அன்றைக்கு ஒரு கீறல் விழுந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்சம் சொன்னார். “பாலும் இல்ல, முட்டையும் இல்லன்னு உடம்பு உருகிப்போச்சு. சர்க்கரையும் எறங்கல. எந்தப் பக்கம் பாத்தாலும் நஷ்டம்தான். ஆஸ்பத்திரில மூணாவது தடவையும் திருப்பி அனுப்புனா, நான் முட்டை அவிச்சு வைப்பேன். நீங்க திங்கணும். எனக்கு உங்க கண்ணு வேணும்.”

வாய்க்கால் மதகு வந்தது. வீரையன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து, “சரி” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் எவ்வளவு கொடுத்தார் என்பது அம்சத்துக்குத் தெரியும். அதனால் திரும்பவும் கேட்கவில்லை.

தை மாத அறுவடை. மில் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. ஒருநாள் காலை பத்து மணிக்கே அம்சம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்துவிட்டார். சாப்பாடு ஒரு சாக்கு. வீரையன் எங்கே போகிறார், எதை வாங்கித் தின்கிறார் என்று கண்ணால் பார்த்துவிடவேண்டும். நிழலில் சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டார். வீரையன் எங்கேயும் போகவில்லை. டீ வந்தது, கையை ஆட்டி மறுத்தார். பிஸ்கட் வந்தது, அதையும் மறுத்தார். தேய்த்தார், ஊதினார், கடித்தார், ஈரம் சொன்னார். வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

பதினொன்றரை மணிக்கு அம்சம் எழுந்து கிட்டே வந்தார்.

“என்னங்க வாயில?”

“சாம்பிளு.”

“காலையிலேருந்தா?”

“காலையிலேருந்து சாம்பிள்தானே பாக்குறேன்?”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு என்ன? ஈரம் சொல்றேன்.”

“அரிசிய என்ன பண்றீங்க? முழுங்குறீங்களா?”

வீரையன் நிஜமாகவே குழம்பிப்போனார். “பின்ன?” என்றார்.

“அடப்பாவி மனுஷா!”

“இது வேலைடி. இதையா சாப்பாடுங்கறே?”

நெல் விளையும் ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் வரும். வீரையனின் அம்மா அறுவடைக் களத்தில் நாள் முழுக்க நின்றவர். களத்தில் நிற்கிறவர் வாயில் போட்டுக்கொள்ளும் நாலு நெல்மணியை யாரும் கேட்பதில்லை. அது கூலியில் சேராது, திருட்டில் சேராது, பசியாறியதாகவும் சேராது. அம்மா மென்றதைப் பார்த்து மகன் மென்றார். அம்சமும் நடவுக்கும் களைக்கும் போனவர்தான். அவருக்கும் இது தெரியும். அதனால்தான் ஆறு வருடமாக இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை.

அம்சம் தூக்கின் மூடியைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார். “ஒவ்வொரு தடவ வாயில போடும்போதும் அதே அளவு இதுலயும் போடுங்க” என்றார். சாயந்திரம் மூடி கொள்ளாமல் டம்ளரிலும் போடவேண்டியதாயிற்று. வீட்டுக்குக் கொண்டுபோய் ஆழாக்கில் அளந்தார். ஒன்றரை ஆழாக்கு. ஒரு நாளைக்கு அவருக்கென்று அம்சம் உலையில் போடுகிற அரிசி அரை ஆழாக்குகூட வராது.

அளந்த ஆழாக்கைக் கையில் வைத்துக்கொண்டே அம்சம் அழுதார். “நீங்க பொய் சொல்லல. நான்தான் மனசுக்குள்ள உங்களத் திருடன்னு நெனச்சுட்டேன்.”

“விடு. நானே என்னைய சந்தேகப்பட்டேன்” என்றார் வீரையன். “தூக்கத்துல எந்திரிச்சுத் திங்கிறேனோன்னு.”

ஆழாக்குக் கணக்கைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நான் அத்தனை தடவ கேட்டேனே. ஏன் சொல்லல?”

“நீங்க சாப்பிடுறதக் கேட்டீங்க மேடம்.”

டாக்டரம்மா புது வழி சொன்னார். கடிக்கலாம், மெல்லலாம், முழுங்கக் கூடாது. துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கவேண்டும். அந்த அரிசி நின்றால் எடை இறங்கும். அதனால் வீட்டில் சுண்டலைக் கூட்டவேண்டும், ஒரு கை வேர்க்கடலை சேர்க்கவேண்டும், மதியம் சோறுகூட இன்னொரு அரைக் கரண்டி போட்டுக்கொள்ளலாம். மாத்திரை போடுகிறவர் என்பதால், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடாமல் வாரத்துக்கு மூன்று நாள் காலையில் பார்த்துச் சொல்லவேண்டும். அரைக் கரண்டி சோறு கூடக் கிடைத்ததில் வீரையனுக்கு முகம் மலர்ந்தது. ‘துப்பணும்’ என்ற சொல் அப்போது காதில் சரியாக ஏறவில்லை.

மறுநாள் மேஜையில்தான் ஏறியது. கடித்தார். டக். மென்றார். துப்பவேண்டும். முடியவில்லை! பாலை விட்டவர், மீனை விட்டவர், காப்பியை விட்டவர். அரிசியைத் துப்ப வாய் வரவில்லை. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் அம்மா முதுகில் வைத்த அடி இன்னும் அங்கேயே இருக்கிறது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொள்ள, முழுங்கிவிட்டார். அம்சம் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கழுவிக் கொடுத்தனுப்பினார். தரையில் துப்பினால்தானே பாவம்? சிரட்டையில் துப்பி, சாயந்திரம் தென்னைமரத்தடியில் எறும்புக்குக் கொட்டிவிடலாம். அது ஒருமாதிரி மனசுக்கு ஒத்துவந்தது. பத்து நாளில் காலைச் சர்க்கரை நூற்று எழுபத்தைந்துக்கு இறங்கியது. டாக்டரம்மா கைதட்டினார்.

ஆனால் எல்லார் முன்னாலும் அந்தச் சிரட்டை கைக்கு வரவில்லை. தன் தெருக்காரர், சொந்தக்காரர் நெல் என்றால் திரும்பி நின்று துப்பிவிடுவார். பழைய பெரிய பண்ணைக்காரர்கள் நெல்லோடு வந்து எதிரே நின்றால், தொண்டை தானாகவே இறக்கிவிடும். “அவங்க கண்ணெதிர அவங்க நெல்லத் துப்புனா, நெல்லு மட்டம்னு அர்த்தமாயிடும்” என்று அம்சத்திடம் சொன்னார். அது மட்டும்தான் காரணமா என்று அம்சம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட நாளுக்கு மறுநாள் காலையில் எண் ஏறியிருக்கும். நூற்று எழுபத்தைந்து. நூற்றுத் தொண்ணூறு. மறுபடி நூற்று எழுபது. மூன்றாவது தடவையாகக் குறித்த நாள், வருகிற புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை சாமிதுரையின் டிராக்டர் வந்தது. எண்பது மூட்டை பொன்மணி நெல். வீரையனின் அம்மா ஆயுசு முழுக்க நட்டதும் அறுத்ததும் சாமிதுரை வீட்டு வயலில்தான். அந்த வீட்டு வாசலில் கூலி நெல் மேலிருந்து விழும். அம்மா கீழே முந்தானையை விரித்துப் பிடித்துக்கொள்வார். அந்தக் கைகளிலிருந்து வாங்கித்தான் பழக்கம். அந்தக் கைகளில் அவர்கள் எதையும் வைத்ததில்லை.

சாமிதுரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். வலது காலில் சர்க்கரைக்காரர்கள் போடும் கறுப்புச் செருப்பு, அதற்குமேல் கட்டு. போன வருடம் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

“பாரு வீரையா. நல்லாக் காஞ்ச நெல்லு.”

வீரையன் தேய்த்தார், ஊதினார், கடித்தார். டக். அவர் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்த இனியவன், தலையில் மூட்டையோடு நின்றபடியே கத்தினான்: “அண்ணே, புதன்கிழமை!”

வீரையன் சட்டென்று திரும்பி, சிரட்டையை எடுத்து, துப்பிவிட்டார்.

சாமிதுரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “என்னய்யா இது? என் நெல்லு கசக்குதா? மூஞ்சிக்கு நேர துப்புற?”

சல்லடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“நெல்லு நல்லா இருக்குங்கய்யா. பதினாறுதாங்க ஈரம்.” வீரையனுக்கு வார்த்தை தட்டியது. “எனக்குச் சர்க்கரைங்க. சாம்பிள் கடிச்சுக் கடிச்சு முழுங்கியே ஏறிப்போச்சுங்க. முழுங்கக் கூடாதுன்னுட்டாங்க. புதன்கிழமை கண்ணு ஆபரேஷன். இந்தத் தடவையும் கொறையலன்னா கண்ணு போயிடும்ங்க.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“உங்க நெல்லத் துப்ப மனசு வரலைங்க. மத்தவங்க நெல்லுன்னாக்கூட ஒதுங்கி நின்னு துப்பிடுறேன். உங்க முன்னால முடியல.”

சாமிதுரை அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் காலைக் குனிந்து பார்த்தார். “அடுத்த மூட்டைய எடு” என்றார், யாரையும் பார்க்காமல்.

இனியவன் கம்பியைக் குத்தி எடுத்துக் கொடுத்தான். வீரையன் தேய்த்து, ஊதி, கடித்தார். அதுவும் டக். மிச்சத்தையும் பழக்கத்தில் வாயில் போட்டுக்கொண்டு மென்றார். சிரட்டை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை போகவில்லை. மாவாகிவிட்ட அரிசி நாக்கில் கனத்தது. தொண்டை ஒருமுறை ஏறி, நின்றது.

சாமிதுரை கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். வீரையனின் முகத்துக்கு நேராக வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

“சிரட்டையில போட மனசு வரலன்னா இதுல போடு. நான் வெளைய வச்சதுதானே? எங்கிட்டயே குடு.”

மூட்டையோடு நின்றவர்கள் மூட்டையை இறக்க மறந்து நின்றார்கள். வீரையன் அந்தக் கையைப் பார்த்தார். தன் இடது கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். அசையாமல் நிறுத்திக்கொண்டு, குனிந்து, துப்பினார்.